பம்புக்கு முன்னால் நடப்பது

1938 பிப்ரவரி 20 அன்று மன்னர் சித்திரைத் திருநாள் திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்துத் துறையைத் திருவனந்தபுரத்தில் தொடங்கிவைத்தார். அடுத்த நாளே திருவனந்தபுரம் – கன்னியாகுமரி சாலையில் பேருந்துகள் ஓடின. லண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியத்தில் வேலை பார்த்த இ.ஜி. சால்ட்டர் இந்தத் துறைக்குப் பொறுப்பேற்றிருந்தார். இங்கிலாந்திலிருந்து 60 காமர் சேசிஸ்கள் கப்பலில் வந்தன. கூண்டு கட்டியது உள்ளூர்த் தொழிலாளர்கள். உள்ளே இருந்தவை பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்கள். நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு நடுவே டீசல் எஞ்சினின் சத்தம் கேட்கத் தொடங்கி எண்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

அந்தச் சாலையில் இன்றைக்கு அதிகாலையில் நின்று பார்த்தால் பழைய டீசல் வேன்கள் பல தலைமுறையாகக் கடந்து போகும். தோவாளையிலிருந்து பூ மூட்டை ஏற்றிக் கேரளத்துக்கு விரைபவை, குளச்சலிலிருந்தும் தேங்காய்ப்பட்டினத்திலிருந்தும் ஐஸ் பெட்டியில் மீன் கொண்டு போகிறவை, மேற்கே வாழைக்குலையும் ரப்பர் ஷீட்டும் சுமப்பவை, கல்யாண வீட்டுக்கும் சுற்றுலாவுக்கும் ஆள் ஏற்றுபவை. மெர்சிடிஸின் ஓஎம் 616 எஞ்சினை உரிமம் பெற்றுப் பொருத்திய பஜாஜ் டெம்போவின் மெட்டடோர், 1987இல் வந்த டெம்போ டிராவலர், 1986இல் வந்த டாடா 407, சுவராஜ் மஸ்தா, 2005இல் இரண்டு சிலிண்டரும் 702 சிசியுமாக வந்த டாடா ஏஸ் என்று பெயர்கள் நீளும். உற்பத்தி நின்றுபோன வண்டிகளும் இதில் உண்டு. ஆனால் வண்டி ஓடுகிறவரை அதுதான் ஒரு குடும்பத்தின் வருமானம்.

இப்படிப்பட்ட வண்டி ஒருநாள் கரும்புகை தள்ளும், ஏற்றத்தில் இழுக்காது, காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். உடனே எழுகிற கேள்வி, “பம்பைக் கழற்றணுமா?” என்பதுதான். எஃப்ஐ பம்ப் எனப்படும் இந்த எரிபொருள் பம்ப்தான் எரிபொருள் அமைப்பிலேயே விலை கூடிய பொருள், அதனால் முதல் சந்தேகமும் அதன்மேலேயே விழுகிறது. உண்மையில் பம்பைக் கெடுக்கிற விஷயங்களில் பெரும்பாலானவை பம்புக்கு முன்னாலேயே நடக்கின்றன. டேங்கிலும், லைனிலும், ஃபில்டரிலும், ஹோஸ் இணைப்பிலும். பழைய வேனுக்குச் செலவழிக்கக் கையில் ஐயாயிரம் ரூபாய் இருந்தாலும் ஐம்பதாயிரம் இருந்தாலும், முதல் ரூபாய் போக வேண்டிய இடம் அந்தக் குறைந்த அழுத்தப் பகுதிதான்.

பம்ப் ஏன் இத்தனை நுட்பமானது என்பதற்கு அதன் வரலாறே பதில் சொல்லும். ருடால்ஃப் டீசல் செய்த முதல் எஞ்சின்களில் எரிபொருளைச் சிலிண்டருக்குள் தள்ளியது அழுத்தப்பட்ட காற்று. அதற்குத் தனியாக ஒரு கம்ப்ரசர் வேண்டும். கனமான கம்ப்ரசரைச் சுமந்துகொண்டு சாலையில் ஓடும் வண்டி செய்ய வழியில்லை. பென்ஸ் நிறுவனத்தின் பிராஸ்பர் லோராஞ் 1909இல், டீசலை முதலில் ஒரு சிற்றறைக்குள் பீய்ச்சிக் கம்ப்ரசரைத் தவிர்க்கும் முன்னறை முறையைக் கண்டுபிடித்தார். ராபர்ட் போஷ் நிறுவனம் 1922இல் ஆராய்ச்சி தொடங்கி, 1927இல் எரிபொருள் பம்பைத் தொழிற்சாலையில் வரிசையாகச் செய்து தள்ளத் தொடங்கியது. டீசல் எஞ்சின் லாரிக்குள்ளும் வேனுக்குள்ளும் நுழைய முடிந்தது அதனால்தான். மெட்டடோரில் இருந்த எஞ்சின் அந்த முன்னறை வம்சத்தைச் சேர்ந்தது. 1951இல் பெங்களூரில் போஷின் துணையோடு மைக்கோ நிறுவனம் பிறந்தது. 2008இல் அதன் பெயர் போஷ் என்று மாறிவிட்டது. ஆனாலும் ஒர்க்‌ஷாப்களில் இன்னும் “மைக்கோ பம்ப்”தான்.

அந்தப் பம்புக்குள் இருக்கும் பிளஞ்சரும் பேரலும் ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று மைக்ரான் இடைவெளியில் ஓடுகின்றன. தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 60, 70 மைக்ரான். மெக்கானிக்குகள் ‘எலிமென்ட்’ என்று சொல்கிற இந்த ஜோடிக்குச் சீலோ ரிங்கோ கிடையாது. கடைசல் நேர்த்தி ஒன்றே டீசலைக் கசியவிடாமல் காக்கிறது. வேன் டயரில் நாம் அடிக்கும் காற்று மூன்று, நான்கு பார். ஓஎம் 616 போன்ற முன்னறை எஞ்சினில் நாசில் திறப்பதற்குச் சுமார் 115 முதல் 125 பார் வேண்டும். நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் டிஐ எஞ்சின்களில் 200 பாரைத் தாண்டும். இன்றைய காமன் ரெயில் வண்டிகளில் அது 1,600 பாரையும் கடந்துவிட்டது. இத்தனை அழுத்தத்தை அத்தனை சிறிய இடைவெளியில் தாங்குகிற எஃகின்மேல் ஒரு துளி துருநீர் பட்டால் என்ன ஆகும்? பளபளப்பு போகும், கோடு விழும், டீசல் பின்வாங்கும். காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டியின் கதை பெரும்பாலும் அங்கே தொடங்குகிறது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது இந்த மாவட்டத்தில் தனியாகப் பேச வேண்டியது. தமிழ்நாட்டின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்க, குமரி மாவட்டம் தென்மேற்கையும் சேர்த்து இரண்டையும் வாங்குகிறது. ஜூன் முதல் டிசம்பர் வரை காற்றில் ஈரம் குறைவதில்லை. பாதி டேங்கோடு இரவில் நிற்கும் வண்டியில் மேலே உள்ள காற்றின் ஈரம் குளிர்ந்து தகட்டில் வேர்க்கிறது என்பது உண்மைதான். அதைவிடப் பெரிய வழிகள் வேறு இருக்கின்றன: டேங்க் மூடியின் வெடித்துப்போன ரப்பர், மூடி தொலைந்தபோது கட்டிவைத்த துணி, அழுக்கு கேனில் வாங்கி ஊற்றிய டீசல். இருபது ரூபாய் வாஷரை மாற்றாமல் விட்டுப் பம்பைக் கழற்றிய வண்டிகள் எத்தனையோ.

மீன் வண்டிகளின் பாடு இன்னும் மோசம். ஐஸ் உருகி வழியும் உப்புநீர் பலகை இடுக்கில் இறங்கிச் சேசிஸிலும் டேங்கின் மேல்தகட்டிலும் டீசல் பைப்பிலும் சொட்டிக்கொண்டே இருக்கும். டேங்க் வெளியிலிருந்து அரிக்கும். டேங்கைப் பிடித்திருக்கும் பட்டையின் அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் முதலில். இரும்புப் பைப் கிளாம்ப் பிடித்த இடத்தில் பொத்துவிடும். டீசல் வெளியே கசிந்தால் கீழே கறை தெரியும், யாராவது கவனிப்பார்கள். உறிஞ்சும் பக்கத்தில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். கறை இல்லாத அந்த ஓட்டைதான் ஆளை அலைக்கழிக்கும். வாரத்துக்கு ஒருமுறை அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் பீய்ச்சிக் கழுவுவதும், பலகைக்கு அடியில் ஐஸ் நீருக்கு ஒரு ஓடை வைத்து டேங்கிலிருந்து விலக்கி வெளியேற்றுவதும் மீன் வண்டிக்கு எந்த எஞ்சின் வேலையையும்விடப் பெரிய வைத்தியம்.

2021 நவம்பரில் மாவட்டமே வெள்ளக்காடானபோது வீட்டு வாசலிலும் சாலையோரத்திலும் நின்ற வண்டிகளுக்குள் தண்ணீர் ஏறியது. வெள்ளத்தில் நின்ற டீசல் வண்டியில் முதலில் செய்ய வேண்டியது, சாவியைத் தொடாமல் இருப்பது. டேங்கின் காற்றுக்குழாய் வழியாக உள்ளே தண்ணீர் போயிருக்கலாம். ஒருமுறை ஸ்டார்ட்டர் சுற்றினாலும் அது ஃபில்டரைக் கடந்து பம்புக்குள் ஏறிவிடும். டேங்கின் வடிகால் போல்ட்டைக் கழற்றிக் கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பார்த்தால் தண்ணீர் அடியில் தனியாகத் தங்கும். பிறகு ஃபில்டர் இரண்டையும் மாற்றி, லைனை ஊதி, அதன்பிறகுதான் மற்றவை.

தண்ணீர் நெடுநாள் தங்கினால் இன்னொரு விருந்தாளியும் வரும். டீசலுக்கும் தண்ணீருக்கும் இடைப்பட்ட கோட்டில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்ந்து, கருப்பான, வழுவழுப்பான பாசியாகப் படியும். விமான எரிபொருள் டேங்குகளிலும் தொல்லை கொடுத்த உயிரினம்தான் இது. மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற வேனில் ஃபில்டர் மாற்றிய இரண்டாவது நாளே அடைத்தால் டேங்கின் அடியை எட்டிப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இனி காற்று. டீசல் லைனில் ஏர் புகுந்தால் வண்டி ஓடும்போது மிஸ்ஸிங் ஆகும், இரவு நின்றால் காலையில் ஸ்டார்ட் ஆகாது. ஹேண்ட் பிரைமரை நாலு தடவை அழுத்தி ஏர் எடுத்தால் ஓடும், மறுநாள் பழையபடி. இதற்குப் பழைய மெக்கானிக்குகளிடம் எளிய சோதனை ஒன்று உண்டு: ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஒரு சாண் நீளத்துக்கு உள்ளே தெரியும் ஹோஸை மாட்டி எஞ்சினை ஓடவிடுவது. குமிழி ஓடினால் ஏர் பம்புக்கு முன்னால் எங்கோ புகுகிறது. ஹோஸை ஒவ்வொரு இணைப்பாகப் பின்னோக்கி டேங்க் வரை நகர்த்தினால் ஓட்டை தானே மாட்டிக்கொள்ளும். பான்ஜோ போல்ட்டின் செப்பு வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடாததால் வந்த ஏர்தான் பல வண்டிகளில் பம்பின் தலையில் கட்டப்பட்டிருக்கிறது.

டீசலும் மாறிவிட்டது. 2000இல் நாடு முழுக்க விற்ற டீசலில் பத்து லட்சம் பங்குக்கு 2,500 பங்கு வரை கந்தகம் இருக்கலாம் என்று விதி இருந்தது. பிஎஸ் 4 டீசல் 2017 ஏப்ரலில் நாடு முழுக்க வந்தபோது அது 50 ஆனது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 டீசலில் வெறும் 10. மூச்சுவிடும் எல்லோருக்கும் இது நல்ல செய்தி. ஆனால் கந்தகத்தை எடுக்கும் சுத்திகரிப்பில், உலோகத்தின்மேல் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டு வழவழப்பைத் தரும் வேறு சில பொருள்களும் போய்விடுகின்றன. 1990களின் தொடக்கத்தில் ஸ்வீடனில் கந்தகம் மிகக் குறைந்த டீசல் வந்தபோது ரோட்டரி பம்புகள் தேய்ந்து நின்றன. 1993இல் அமெரிக்காவில் கந்தகம் குறைத்த டீசல் வந்ததும் பழைய வண்டிகளில் பம்ப் சீல்கள் ஒழுகத் தொடங்கின. டீசலில் அரோமேட்டிக் பொருள்கள் குறைந்ததும், அதுவரை அவற்றில் ஊறி உப்பியிருந்த பழைய நைட்ரைல் ரப்பர் சுருங்கியதே அந்த ஒழுகலுக்குக் காரணம்.

இந்தப் பாடத்துக்குப் பிறகு உலகெங்கும் டீசலில் வழவழப்பு தரும் மருந்தைச் சேர்க்கத் தொடங்கினார்கள். இந்தியத் தர விதியிலும், ஆய்வகச் சோதனையில் விழும் தேய்மானத் தழும்பு 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு இருக்கிறது. ஆகவே நல்ல பெட்ரோல் பங்க்கில் வாங்கும் டீசலில் டேங்குக்கு டேங்க் 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் ஊற்றுவது கட்டாயமில்லை. வண்டிக்காரர்கள் பலர் நம்பிக்கையோடு செய்கிற பழக்கம் இது, அவர்களின் அக்கறையும் புரிகிறது. ஆனால் அதே பணத்துக்கு ஒரு ஃபில்டர் வாங்கிவிடலாம். மண்ணெண்ணெய் கலந்த டீசல்தான் உண்மையான ஆபத்து. அதில் வழவழப்பே கிடையாது, சொல்லிவைத்தாற்போல் பிளஞ்சரைத் தின்றுவிடும்.

இந்த மாற்றம் எல்லாப் பம்பையும் ஒரேபோல் தொடவில்லை. மெட்டடோர் போன்றவற்றின் வரிசைப் பம்பில் கேம் ஷாஃப்ட் எஞ்சின் ஆயிலில் ஓடுகிறது. பிளஞ்சர் மட்டுமே டீசலை நம்பியிருக்கிறது. ரோட்டரி பம்பிலோ உள்ளே சுழலும் அத்தனைக்கும் டீசல்தான் ஆயில். ரோட்டரி பம்ப் உள்ள வேன் வைத்திருப்பவர், சீல்களைப் புதிய ரகத்துக்கு மாற்றியாகிவிட்டதா என்று ஒருமுறையாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வெளியே ஹோஸ்களுக்கும் இதே நியாயம். 2018 தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2030க்குள் டீசலில் 5 சதவீதம் பயோடீசல் கலப்பதை இலக்காக வைத்திருக்கிறது. பயோடீசல் பழைய ரப்பரை இளக்கும், டேங்கில் ஆண்டுக்கணக்கில் படிந்த அழுக்கையும் கழுவிக்கொண்டு வரும். அதைத் தாங்கும் விட்டான் வகை ஹோஸ் விலை கூடுதல்தான், வேனில் மொத்தமாகத் தேவைப்படுவது சில அடி.

குறைந்த அழுத்தப் பகுதி சுத்தமான பிறகும் புகை நிற்கவில்லையென்றால் நாசில். கைநெம்பும் நாசில் டெஸ்டரில் மாட்டி அழுத்தினால் நல்ல நாசில் ‘கர்ர்’ என்று அதிர்ந்து பனிபோலத் தூவும். கெட்டது கோடாகப் பாயும் அல்லது நுனியில் சொட்டும். சொட்டுகிற டீசல் சரியாக எரியாமல் கரியாகும், தொடர்ந்தால் பிஸ்டன் தலையையே உருக்கும். இந்தச் சோதனையின்போது தூவலுக்கு முன்னால் கை நீட்டவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியதுபோல மட்டும் தெரியும், உள்ளே சதை அழுகும். அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நாசிலும் சரி என்றால்தான் பம்ப். டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, குறிப்பிட்ட வேகத்தில் சுற்றவிட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகிற டீசலைத் தனித்தனிக் கண்ணாடிக் குழாயில் பிடித்து அளப்பதுதான் கேலிபரேஷன். நான்கு குழாயிலும் ஒரே மட்டம் நிற்க வேண்டும். நியூமேட்டிக் கவர்னர் உள்ள பழைய பம்புகளில் டயாஃப்ரம் கிழிந்திருந்தாலும் எஞ்சின் கட்டுப்பாடில்லாமல் உறுமும் அல்லது ஐடிலில் குலுங்கும், அதற்குப் பம்பை முழுக்கப் பிரிக்க வேண்டியதில்லை. ஓஎம் 616இல் இன்னொரு நுட்பம்: பம்ப் ஓடுவது டைமிங் செயினால். லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய செயின் நீண்டுவிட்டால் டீசல் போக வேண்டிய நேரம் தாமதமாகிறது. வெள்ளைப்புகை, இழுவைக் குறைவு, குளிரில் ஸ்டார்ட் ஆகாமை எல்லாம் வரும். பழி முழுக்கப் பம்பின்மேல் விழும். பம்ப் பெஞ்சில் அருமையாக இருக்கும், வண்டியில் மாட்டியதும் பழைய கதை.

‘மேம்படுத்துதல்’ என்று சொன்னவுடன் பலர் நினைப்பது பவர் கூட்டுவதைத்தான். பம்பின் முழு எரிபொருள் ஸ்க்ரூவை ஈயச் சீல் உடைத்து அரைச்சுற்று திருப்பினால் அன்றைக்கு வண்டி பாய்வதுபோல இருக்கும். டர்போ இல்லாத எஞ்சின் உறிஞ்சும் காற்றின் அளவு மாறவில்லை, டீசல் மட்டும் கூடிவிட்டது. கூடுதல் டீசல் கரும்புகையாகப் போகிறது, வெளிப்போக்குச் சூடு ஏறுகிறது, மைலேஜ் விழுகிறது. பேச்சிப்பாறை ஏற்றத்தில் சுமையோடு நெடுநேரம் இழுக்கிற வண்டிக்கு இது எஞ்சினையே பணயம் வைப்பது.

பயன் தரும் மேம்பாடுகள் பார்க்கச் சாதாரணமானவை. தண்ணீர் பிரிக்கும் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவே, கண்ணில் படுகிற இடத்தில் வைப்பது முதல் வேலை. பழைய வண்டிகளில் துணி ஃபில்டர் முன்னும் பேப்பர் ஃபில்டர் பின்னுமாக இரண்டு இருக்கும். துணியைக் கழுவிக் கழுவிப் போடாமல் மாற்றிவிடுவது நல்லது. ஃபீட் பம்ப் தளர்ந்தால் எலக்ட்ரிக் பம்ப் வைப்பவர்கள் உண்டு. தவறில்லை, ஆனால் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டியின் பம்பை எடுத்து மாட்டினால் அழுத்தம் மிகுந்து ரோட்டரி பம்பின் ஷாஃப்ட் சீல் பிய்ந்துபோகும்.

துருப்பிடித்த டேங்கைப் பற்றி இரண்டு கட்சி. உள்ளே பூச்சு அடித்தால் போதும் என்பது ஒன்று, புது டேங்க் என்பது இன்னொன்று. துரு முழுக்கப் போகாத தகட்டில் அடித்த பூச்சு ஏடு ஏடாக உரிந்து உறிஞ்சும் குழாயை அடைக்கும் என்பதால், அரிப்பு ஆழமாகிவிட்டிருந்தால் புது டேங்கே மேல். துத்தநாகம் பூசிய தகட்டை உள்பக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. துத்தநாகமும் செம்பும் டீசலைச் சீக்கிரம் கெடுக்கின்றன. பழைய டேங்கை ஒட்டவைப்பதானால் கழுவி, தண்ணீர் நிரப்பிய பிறகே நெருப்பு அதன் பக்கத்தில் வரலாம்.

வேறு எஞ்சினையே மாற்றிவிடலாம் என்ற யோசனையும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை உரிமையாளர் மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. எஞ்சின் எண் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது; அனுமதி வாங்காமல் மாற்றினால் தகுதிச் சான்றுக்கு (எஃப்.சி.) காட்டும்போதும் விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ் கேட்கும்போதும் சிக்கல். இதோடு காமன் ரெயில் எஞ்சினுக்கு வயரிங், கணினிப் பெட்டி, இன்னும் நுண்ணிய ஃபில்டர் எல்லாம் வேண்டும். பெரும்பாலான வேன் முதலாளிகளுக்கு இது கட்டுப்படியாகாது.

டெல்லிச் சுற்றுவட்டாரத்தில் பத்து வயது தாண்டிய டீசல் வண்டி ஓடக் கூடாது என்று 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி, 2018இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தமிழ்நாட்டில் அப்படி ஒட்டுமொத்த வயதுத் தடை இல்லை. இங்கே தீர்மானிப்பது எஃப்.சி.யும் புகைச் சோதனையும். எட்டு வயது தாண்டிய வாடகை வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. உண்டு. பிஎஸ் 4க்கு முந்தைய டீசல் வண்டிக்குப் புகை வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு, பிஎஸ் 4க்கு 50. சோதனைக்கு முதல் நாள் ஸ்க்ரூவைக் குறைத்து மறுநாள் கூட்டுகிறவர்கள் ஏமாற்றுவது கருவியைத்தான். பின்சீட்டில் உட்காரும் பள்ளிப்பிள்ளைகள் அந்தப் புகையைத்தான் சுவாசிக்கிறார்கள். ஏர் ஃபில்டரும் நாசிலும் டைமிங்கும் சரியாக இருக்கும் பழைய எஞ்சின் அந்த வரம்புக்குள் நிற்கும்.

பம்பை ஓவர்ஹால் செய்து வாங்கும் நாளில் பெஞ்சில் எடுத்த அளவுகளை எழுதி வாங்க வேண்டும்: எந்த வேகத்தில் எத்தனை ஸ்ட்ரோக்குக்கு எத்தனை சிசி, நாசில் எத்தனை பாரில் திறந்தது, டைமிங் எத்தனை டிகிரி, எந்த சீல் மாற்றினார்கள். களியக்காவிளையில் ஒரு மெக்கானிக், நாகர்கோவிலில் ஒருவர், பிறகு வழியில் கிடைத்த ஒருவர் என்று கைமாறுகிற வண்டிக்கு அதுதான் நோய்ச் சீட்டு. ஃபில்டர் மாற்றிய கிலோமீட்டரையும், கிண்ணத்தில் தண்ணீர் வடித்த தேதியையும் அதன்கீழே எழுதி ஓட்டுநர் பக்கத்துக் கதவில் ஒட்டிவைக்கலாம். மே கடைசியில், தென்மேற்கு தொடங்கும் முன், டேங்கின் வடிகால் போல்ட்டை ஒருமுறை திறந்து குப்பியில் பிடிக்கிற தேதியும் அதில் ஒரு வரி.